டுவீன் பிரபு: விற்றவர் வழியே வந்த கொடை

வாஷிங்டன் மாநகரில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அண்மையில், இளஞ்சிவப்புச் சலவைக்கல்லால் எழுப்பப்பெற்ற மாளிகை ஒன்று உண்டு. அந்நாட்டின் தேசியக் கலைக்கூடம் அது. 1941 மார்ச் 17 அன்று திறந்துவைக்கப்பட்டது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. ரஃபேல், ரெம்பிரான்ட், டிஷியன் முதலான பேரோவியர்களின் படைப்புகளைக் கூலித் தொழிலாளியும் கோடீசுவரரும் ஒருசேர நின்று காணலாம். இம்மாளிகையையும் அதன் முதற் சேகரத்தையும் நாட்டிற்கு வழங்கியவர் ஆண்ட்ரூ மெல்லன் என்னும் பெருஞ்செல்வர். தம் பெயரை அதற்குச் சூட்டலாகாது என்று அவரே விதித்தார். தம் பெயர் இருந்தால் பிற செல்வர்கள் தத்தம் சேகரங்களை அங்கே கொடுக்க முன்வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு பொய்க்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கொடுத்தவரை உலகம் நினைக்கிறது. அவருக்கு விற்றவரை நாம் நினைப்பதில்லை. கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டார், கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இக்கலைக்கூடத்தின் வரலாற்றில் விற்றவரின் பங்கை அவ்வாறு எளிதில் தள்ளிவிட இயலாது. ஜோசஃப் டுவீன் என்ற அவ்வணிகரின் வாழ்க்கையே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள். போற்றுவதற்கும் வருந்துவதற்கும் ஒருங்கே இடந்தரும் வாழ்க்கை அது.

டுவீன் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தின் ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ஜோசஃப் ஜோயல் டுவீன் ஹாலந்து நாட்டின் மெப்பல் என்ற சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர். பீங்கான், பழங்காலத் தட்டுமுட்டுப் பொருள்கள், திரைச்சீலைகள் ஆகியவற்றை வாங்கி விற்று வளர்ந்தவர். சிறிய தந்தையார் ஹென்றி நியூயார்க் சென்று அங்கே கடை வைத்தார். 'டுவீன் சகோதரர்கள்' என்ற நிறுவனம் இவ்வாறு கடலின் இரு கரைகளிலும் வேரூன்றியது. பின்னர்ப் பாரிசிலும் கிளை அமைந்தது.

மூத்த மகனாகிய நம் டுவீன் பள்ளிப் பருவம் தாண்டியதும் கடைக்கு வந்துவிட்டார். பீங்கானிலும் நாற்காலியிலும் கிடைக்கும் ஆதாயம் அவருக்குப் போதவில்லை. ஐரோப்பாவில் கலைச்செல்வம் மலிந்து கிடக்கிறது, அமெரிக்காவில் பணச்செல்வம் குவிந்து கிடக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக ஒருவன் நின்றால் போதும் என்பதை அவர் இளமையிலேயே கண்டுகொண்டார். இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் நிலவருவாய் சுருங்கியும் வாரிசு வரி பெருகியும் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. முன்னோர் தேடி வைத்த ஓவியங்கள் சுவரில் தொங்கின; கடன்காரர்கள் வாயிலில் நின்றனர். மறுபுறம் இரும்பு, எண்ணெய், இருப்புப்பாதை, வங்கி ஆகியவற்றால் ஒரே தலைமுறையில் உயர்ந்த அமெரிக்கர்கள் தம் புதுமனைகளுக்குப் பழம்பெருமை தேடி அலைந்தனர்.

1906-இல் பெர்லின் நகரத்து ஹைனவர் சேகரத்தையும், 1907-இல் பாரிசு நகரத்து ரொடால்ஃப் கான் சேகரத்தையும் டுவீன் நிறுவனம் முழுமையாக வாங்கிற்று. ரெம்பிரான்ட் வரைந்த, ஹோமரின் சிலைமீது கைவைத்து நிற்கும் அரிஸ்டாட்டில் ஓவியம் கான் சேகரத்தைச் சேர்ந்தது. டுவீன் அதை அராபெல்லா ஹண்டிங்டன் என்ற செல்வச் சீமாட்டிக்கு விற்றார். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1908-இல் தந்தை காலமானார். அதன்பின் நிறுவனத்தின் கடிவாளம் மெல்ல மெல்ல மகன் கைக்கு வந்தது.

டுவீனின் வணிக முறையைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பிற வணிகர்கள் மலிவாக வாங்கி விலையேற்றி விற்க முயல்வர். இவரோ வாங்கும்போதே, அதுவும் பலர் அறிய, மிகுந்த விலை கொடுத்து வாங்குவார். அவ்விலை செய்தித்தாளில் வரும். அதைவிட உயர்ந்த விலையைக் கேட்பதற்கு அவருக்கு அதுவே உரிமைச் சீட்டாகிவிடும். தாம் விற்ற ஓவியம் எப்போதேனும் சந்தைக்குத் திரும்பி வந்தால் விலை இறங்கவிடாமல் தாமே வாங்கிக்கொள்வார். செல்வர்களின் வீட்டுப் பணியாளர்களுக்குத் தாராளமாக இனாம் கொடுத்து, எசமானர் எப்போது எங்கே செல்கிறார் என்பதைக்கூட அறிந்துவைத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எவ்வாறாயினும், அவர் விற்றது வெறும் துணியும் வண்ணமும் அன்று. பேரோவியர் ஒருவரின் பெயரோடு தம் பெயரும் சேர்ந்து நிற்கும் என்ற நம்பிக்கையை அவர் விற்றார். செல்வம் சேர்த்து முதுமை எய்திய ஒருவருக்கு அதைவிடக் கவர்ச்சியான சரக்கு வேறு இல்லை.

1915-இல் ஜே. பி. மார்கன் விட்டுச்சென்ற சேகரத்திலிருந்து ஃபிராகனார்டின் காதல் ஓவியப் பலகைகளை வாங்கி, எஃகு வணிகர் ஹென்றி ஃபிரிக்கின் நியூயார்க் மாளிகைக்கு அளித்தார். 12,50,000 டாலர், அதில் தமக்கென ஆதாயம் எடுக்காமல் வாங்கிய விலைக்கே கொடுத்தார் என்பர். மீன் பிடிக்க இரை போடுவது போன்றதுதான் அது! அம்மாளிகை பின்னர்ப் பொது அருங்காட்சியகமாயிற்று. 1921-இல் கெய்ன்ஸ்பரோவின் 'நீலச் சிறுவன்' ஓவியத்தை வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனிடமிருந்து வாங்கி, ஏழு இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலையில் ஹென்றி ஹண்டிங்டனுக்கு விற்றார். கப்பலேறுமுன் 1922 தொடக்கத்தில் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் மூன்று வாரம் அதைக் காட்சிக்கு வைத்தனர். ஏறத்தாழ 90,000 பேர் வந்து விடைகொடுத்தனர். தம் நாட்டுப் பொருள் பணத்தின் வலிமையால் பெயர்ந்து போகிறதே என்று இங்கிலாந்து மக்கள் கொண்ட துயரம் நமக்குப் புரியாததன்று. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2022-இல், அவ்வோவியம் இரவலாக ஒருமுறை இலண்டன் வந்து சென்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஓவியம் ஒன்றை இன்னார்தாம் வரைந்தார் என்று துணிந்து கூறுவது யார்? பெரும்பாலானவற்றில் கையொப்பம் இராது. மாணவர் வரைந்ததை ஆசிரியர் வரைந்ததாகவும், படியை மூலமாகவும் மயங்க இடமுண்டு. பெயர் மாறினால் விலை பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே டுவீனுக்கு ஓர் அறிஞரின் வாக்கு தேவைப்பட்டது. இத்தாலிய ஓவியங்களில் அக்காலத்தின் தலைசிறந்த புலமையாளர் பெர்னார்ட் பெரன்சன். ஃபிளாரன்சு நகருக்கு அருகில் வாழ்ந்தவர். அவரும் டுவீனும் 1912-இல் மறைவாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பெரன்சன் சான்றளிக்கும் இத்தாலிய ஓவியங்களின் விற்பனை ஆதாயத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு அவருக்கு. வாங்குவோர்க்கு இது தெரியாது. நடுநிலையாளர் ஒருவரின் கருத்தைக் கேட்கிறோம் என்றே அவர்கள் எண்ணினர். தங்கத்தை விற்பவரே உரைகல்லையும் கையில் வைத்திருந்தால் எப்படியோ அப்படித்தான். பெரன்சன் பொய்ச் சான்று அளித்தார் என்று நாம் சொல்லவரவில்லை. அவர் கணிப்புகளுள் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. ஆனால் மறைத்து வாங்கிய பங்கு அவர் புலமையின்மீது என்றும் அழியாத நிழலாகப் படிந்துவிட்டது.

டுவீனின் வாக்குக்கும் அத்தகைய ஆற்றல் இருந்தது. 1920-இல் கான்சாஸ் நகரத்திற்கு விற்கப்படவிருந்த ஓர் ஓவியத்தை லியனார்டோ வரைந்ததாக ஆண்ட்ரே ஹான் என்ற பெண்மணி கூறினார். ஓவியத்தை நேரில் பாராமலேயே, அது படி என்று ஒரு செய்தியாளரிடம் டுவீன் சொல்லிவிட்டார். விற்பனை முறிந்தது. அப்பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1929-இல் நியூயார்க்கில் விசாரணை நடந்தபோது அறங்கூறும் குழுவினர் ஒருமனப்படவில்லை. இறுதியில் டுவீன் 60,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார். விந்தை என்னவெனில், அவர் கூற்றே சரியாக இருந்தது. அவ்வோவியம் 2010-இல் ஏலத்திற்கு வந்தபோது லியனார்டோவின் பெயரால் வரவில்லை. அவரைப் பின்பற்றிய ஒருவரது படைப்பாகவே வந்தது.

இனி மெல்லனிடம் வருவோம். பிட்ஸ்பர்க் நகரத்து வங்கியாளர். 1855-இல் பிறந்தவர். 1921 முதல் 1932 வரை மூன்று குடியரசுத் தலைவர்களின் கீழ் அமெரிக்க நிதியமைச்சர். மெலிந்த உடல், அதனினும் மெலிந்த பேச்சு. இளமையில் ஃபிரிக்குடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது ஓவியப் பற்று அரும்பிற்று. எனினும் அவசரப்பட்டு எதையும் வாங்கமாட்டார். ஓவியத்தை வரவழைத்துச் சுவரில் மாட்டி நாள்கணக்கில் பார்ப்பார். மனம் ஒட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் வழக்கமாக வாங்கியது நோட்லர் என்ற போட்டி நிறுவனத்திடம். ஆரவாரமே உருவான டுவீனும் அமைதியே உருவான மெல்லனும் எவ்வாறு இணங்கினர் என்பது வியப்பே. 1921-இல் இலண்டன் கிளாரிட்ஜஸ் விடுதியின் மின்தூக்கியில், தற்செயலாகச் சந்திப்பதுபோல் டுவீன் மெல்லனைச் சந்தித்தார் என்றும், அத்தற்செயலுக்குப் பின்னே பல நாள் ஏற்பாடு இருந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ அன்றோ, டுவீனின் இயல்புக்கு அது பொருந்தும்.

1920-களில் மெல்லன் டுவீனிடம் வாங்கத் தொடங்கினார். ரஃபேலின் நிக்கோலினி-கௌப்பர் அன்னை ஓவியம் 1928-இல் இவ்வழியே அவரிடம் வந்தது. அதே ஆண்டுகளில், டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்தவை என்ற பெயரில் இரண்டு ஓவியங்களும் டுவீனிடமிருந்து வந்தன. ஒன்று சிரிக்கும் பெண். மற்றொன்று சரிகைப் பின்னல் பின்னும் பெண். பெர்லின் அருங்காட்சியகங்களின் பெரும் அறிஞர் வில்ஹெல்ம் வான் போடே அவற்றை மெய்யெனக் கொண்டார். வெர்மீரின் படைப்புகள் உலகில் முப்பத்தைந்து அளவிலேயே உள்ளன. அவற்றுள் இரண்டு கிடைத்தால் மறுப்பவர் யார்? பின்னாளில் அறிவியல் ஆய்வு நடந்தபோது இரண்டும் இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட போலிகள் எனத் தெளிவாயிற்று. டுவீன் தெரிந்தே விற்றார் என்பதற்குச் சான்றில்லை. பிறர் ஓவியத்தைத் தொலைவிலிருந்தே படி என்று கண்டவர், தம் கையிலிருந்த போலியைக் காணவில்லை. கேட்க ஆளிருக்கும் சரக்கின் குறை விற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை போலும்.

1930-31-இல் டுவீனுக்குப் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. சோவியத் அரசு அந்நியச் செலாவணி வேண்டி, லெனின்கிராடு ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களை மறைவாக விற்றது. மெல்லன் நோட்லர் முதலான நிறுவனங்களின் வழியாக 21 ஓவியங்களை ஏறத்தாழ 66 இலட்சம் டாலருக்கு வாங்கினார். ரஃபேலின் ஆல்பா அன்னை ஓவியம் மட்டும் 11 இலட்சம் டாலருக்கு மேல். அந்நூற்றாண்டின் மிகப்பெரிய கலைப்பேரத்தில் டுவீனுக்குப் பங்கில்லை!

அவர் சோர்ந்துவிடவில்லை. காத்திருந்தார். காலம் அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. மெல்லன் 1930-இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, தாம் வாங்கிய ஓவியங்கள் சிலவற்றை அதற்கு எழுதிவைத்து, அம்மதிப்புக்கு வரிக்கழிவு கோரியிருந்தார். ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்தபின் அரசு அதை ஐயுற்றது. ஓவியங்கள் பொதுமக்கள் கண்ணில் படாதபோது அது கொடையாகுமா என்பது அரசு வழக்கறிஞரின் கேள்வி. நியாயமான கேள்விதான். நிதியமைச்சராக இருந்தவர்மீதே வரிவழக்கு! 1935-இல் பிட்ஸ்பர்க்கில் விசாரணை நடந்தது. டுவீன் சாட்சியாக வந்தார். மெல்லன் வாஷிங்டனில் ஒரு கலைக்கூடம் அமைக்க நெடுங்காலமாக எண்ணியிருந்தார் என்றும், அதுபற்றித் தம்மோடு பேசியிருக்கிறார் என்றும் சான்றுரைத்தார். அச்சாட்சியம் மெல்லனுக்குத் துணை. டுவீனுக்கு மட்டும் நட்டமா? கலைக்கூடம் ஒன்று எழும் என்று மன்றத்தில் உறுதியாகிவிட்டால், அதன் சுவர்களை நிரப்ப ஓவியம் வேண்டுமே!

மெல்லனிடம் அப்போது இருந்தவை ஒரு வீட்டிற்கு மிகுதி. ஒரு நாட்டின் கலைக்கூடத்திற்குக் குறைவு. இத்தாலிய ஓவியங்களும் சிற்பங்களும் போதவில்லை. டுவீனிடமோ, 1930-இல் வாங்கிய பாரிசு நகரத்து டிரேஃபஸ் சேகரத்தின் மறுமலர்ச்சிக் காலச் சிற்பங்கள் இருந்தன. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய ஆண்டுகள் அவை. வாங்குவோர் அருகிவிட்டனர். நிறுவனத்தின் முதல் முழுவதும் சரக்கில் முடங்கிக் கிடந்தது. டுவீனின் உடலில் புற்றுநோய் புகுந்திருந்தது. மெல்லன் எண்பதைக் கடந்திருந்தார். இருவருக்கும் காலம் குறைவு என்பதை இருவரும் அறிவர்.

அப்போது டுவீன் செய்ததை வணிக வரலாற்றில் வேறெங்கும் காண்பது அரிது. வாஷிங்டனில் மெல்லன் குடியிருந்த அடுக்ககத்தில், அவர் இல்லத்திற்கு நேர் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தார். தம்மிடமிருந்த சிறந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் கொண்டுவந்து அங்கே நிரப்பினார். காவலுக்கு ஆள் வைத்தார். திறவுகோலை மெல்லனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கிழவர் இரவு உடையோடும் கீழிறங்கி வந்து தனியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். விருந்தினரையும் அங்கேயே வரவேற்பாராம். பேசியே உலகை வென்ற டுவீன், பேசாதவரை வெல்லப் பேசாமலிருக்க வேண்டும் என்று உணர்ந்தது அவர் அறிவின் உச்சம் என்றே நாம் கருதுகிறோம். 1936 இறுதியில் பேரம் முடிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் ஒரே விற்பனையில் கைமாறின. விலை இரண்டு கோடியே பத்து இலட்சம் டாலர் என்று பரவலாகக் கூறப்படுகிறது.

அதே டிசம்பரில் மெல்லன் தம் சேகரத்தையும் கட்டடச் செலவையும் நாட்டிற்கு அளிப்பதாக ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். வழக்கு அப்போதும் நிலுவையில்தான் இருந்தது. 1937 மார்ச்சில் நாடாளுமன்றம் கொடையை ஏற்றுச் சட்டம் இயற்றியது. ஆகஸ்டு 26 அன்று மெல்லன் மறைந்தார். மறுநாள், 27 அன்று, கட்டடக் கலைஞர் ஜான் ரஸ்ஸல் போப்பும் இறந்தார். மெல்லன்மீது சுமத்தப்பட்ட வரிமோசடிக் குற்றச்சாட்டு நிற்காது என்ற தீர்ப்பு டிசம்பரில்தான் வந்தது.

டுவீனின் இறுதி ஆண்டுகள் இன்பமானவை அல்ல. 1919-இல் சர் பட்டம், 1933-இல் மில்பேங்க் பிரபு பட்டம் என்று பெருமைகள் வந்தன. ஈட்டியதில் பெரும்பகுதியை இங்கிலாந்தின் பொதுக் கலைக்கூடங்களுக்கு வாரி வழங்கினார். இலண்டன் டேட் கலைக்கூடத்தின் சிற்ப மண்டபங்களும், தேசிய உருவப்படக் கூடத்தின் விரிவும் அவர் கொடை. ஆனால் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் 1929 முதல் அறங்காவலராக இருந்த அவருக்கு 1936-க்குப்பின் அப்பதவி நீட்டிக்கப்படவில்லை. வாங்கும் இடத்தின் அறங்காவலரே விற்கும் வணிகராகவும் இருப்பது தகாது என்ற குரல் வலுத்திருந்தது. 1937-இல் பெரன்சனோடு உறவு முறிந்தது. அல்லெண்டேல் பிரபுவிடமிருந்து வாங்கிய இயேசு பிறப்பு ஓவியத்தை ஜோர்ஜோனே வரைந்தது என்று பெரன்சன் சொல்ல வேண்டுமென டுவீன் விரும்பினார். இளமைக்கால டிஷியன் என்றார் பெரன்சன். பங்கு வாங்கிய அறிஞர் இம்முறை வளையவில்லை. சான்று இன்றியே டுவீன் அதனைச் சாமுவேல் கிரெஸ் என்ற வணிகருக்கு விற்றார். மலிவு விலைக் கடைகளின் அதிபராகிய கிரெஸ், 1938 கிறிஸ்துமஸ் காலத்தில் அதை நியூயார்க் ஐந்தாம் அவென்யூவிலிருந்த தம் கடையின் கண்ணாடிச் சாளரத்தில் வைத்துத் தெருவில் போவோர்க்கெல்லாம் காட்டினார். பின் தம் சேகரத்தையே மெல்லனின் கலைக்கூடத்திற்கு அளித்தார். வைடனர் குடும்பத்தின் சேகரமும் அங்கே வந்து சேர்ந்தது. மெல்லன் போட்ட கணக்கு பலித்தது. இன்று அக்கலைக்கூடம் அந்த இயேசு பிறப்பு ஓவியத்தை ஜோர்ஜோனேயின் பெயரிலேயே வைத்திருக்கிறது.

இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினான் கோயிலின் கிரேக்கச் சிற்பங்களுக்கென அவர் கட்டித்தந்த மண்டபம் பெரும் பழிக்கும் காரணமாயிற்று. தாம் விற்ற ஓவியங்களைப் பளபளக்க மெருகேற்றும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. அச்சிற்பங்களும் வெண்மையாக ஒளிர வேண்டுமென அவர் விரும்பினார். 1937-38-இல் அவர் விருப்பத்தின்படி பணியாளர்கள் செப்புக் கருவிகளால் கல்லைச் சுரண்டினர். இருபத்து நான்கு நூற்றாண்டு வெயிலும் மழையும் அக்கல்லுக்குத் தந்திருந்த தேன்நிற மேற்பூச்சு பல இடங்களில் போயிற்று. அருங்காட்சியகம் விசாரணை நடத்தியது. செய்தி 1939-இல் வெளியாகி நாடே கொதித்தது. இழந்த அந்நிறத்தை எந்தக் கொடையாலும் ஈடுசெய்ய இயலாது. கொடுப்பவர் கை ஓங்கும்போது காப்பவர் வாய் அடைத்துப்போவதை அங்கே காண்கின்றோம்.

1939 மே 25 அன்று, மெல்லனைச் சந்தித்ததாகக் கதை வழங்கும் அதே கிளாரிட்ஜஸ் விடுதியில், டுவீன் பிரபு காலமானார். வாஷிங்டன் கலைக்கூடம் திறக்கப்பட்டதை அவரும் பார்க்கவில்லை. அவர் கட்டித்தந்த பார்த்தினான் மண்டபம் 1940-இல் போர்க்கால குண்டுவீச்சில் சேதமுற்று, செப்பனிடப்பட்டு, 1962-இல்தான் மக்களுக்குத் திறந்தது. வெர்மீர் எனப்பட்ட இரு போலிகளும் மெல்லனின் கொடையாகவே கலைக்கூடத்தின் பதிவேட்டில் இன்றும் உள்ளன. டுவீன் நிறுவனத்தைக் கூட்டாளிகள் மேலும் கால் நூற்றாண்டு நடத்தினர். 1964-இல் நார்டன் சைமன் என்ற கலிபோர்னியச் செல்வர், எஞ்சியிருந்த சரக்கையும் நியூயார்க் கட்டடத்தையும் மொத்தமாக வாங்கினார். அச்சரக்கிலும் ஒரு பகுதி இப்போது பசடீனா நகரில், அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருக்கிறது.